தாய்ப்பாலில் எச்.ஐ.வி.: கண்டறிவது எப்படி, கண்டறிந்தால் என்ன பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. உள்ள தாய் ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "என் பாலில் அந்தக் கிருமி இருக்கிறதா, இல்லையா? சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாதா?" நியாயமான கேள்வி. ஆனால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் பதில் சொன்னால் அது அந்தத் தாயை ஏமாற்றுவதாகும். கீழே உள்ள கேள்விகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை.

எச்.ஐ.வி. உள்ள தாயின் பாலில் வைரஸ் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. 1985-லேயே இது தெரிந்துவிட்டது. எச்.ஐ.வி. அடையாளம் காணப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆஸ்திரேலியாவில் ஒரு தாய்க்குப் பிரசவம் முடிந்த பிறகு இரத்தம் ஏற்றினார்கள். இரத்தம் கொடுத்தவருக்குத் தொற்று இருந்தது பின்னால்தான் தெரியவந்தது. அந்தத் தாய் சில வாரங்கள் பாலூட்டினார். குழந்தைக்கும் தொற்று வந்தது. கருவிலோ பிரசவத்தின்போதோ தொற்றியிருக்க முடியாது, அப்போது தாயிடமே தொற்று இல்லையே. மிஞ்சியது பால் ஒன்றுதான். அதே ஆண்டில் பெல்ஜிய ஆய்வாளர்கள், நோய் அறிகுறி ஏதும் இல்லாத மூன்று பெண்களின் பாலில் செல்களை நீக்கிவிட்டு, மீதியிருந்த திரவத்திலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஆபத்து எவ்வளவு என்ற கணக்கு 1992-ல் வந்தது. அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே தொற்று உள்ள தாய் பாலூட்டுவதால் கூடுதலாக ஏற்படும் ஆபத்து சுமார் 14 சதவீதம். பிரசவத்துக்குப் பிறகு புதிதாகத் தொற்று ஏற்பட்ட தாய் என்றால் 29 சதவீதம். இரண்டுமே எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து தாய்மார்களுக்குக் கிடைக்காத காலத்துக் கணக்குகள். இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு யாரும் அஞ்சி ஒடுங்க வேண்டாம். இன்றைய நிலை வேறு. அதற்குக் கீழே வருகிறேன்.

பாலில் அது எந்த வடிவில் இருக்கிறது?

இரண்டு வடிவங்களில். இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றக் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

ஒன்று, பாலின் நீர்ப்பகுதியில் தனியாக மிதக்கும் வைரஸ். அதன் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. இரண்டாவது, பாலில் உள்ள உயிருள்ள செல்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ். தாய்ப்பால் வெறும் சத்து நீர் அல்ல. அதில் தாயின் வெள்ளையணுக்கள் ஏராளமாக வருகின்றன. குறிப்பாகச் சீம்பாலில் அவை மிக அதிகம். அவற்றில் சில செல்களின் டி.என்.ஏ.வுக்குள் வைரஸ் தன் மரபுக் குறிப்பைச் சேர்த்து எழுதி வைத்திருக்கும். அந்தச் செல் உறங்கிக் கிடக்கலாம். விழித்துக்கொண்டால் புதிய வைரஸ்களை உருவாக்கலாம்.

மருந்து சாப்பிடாத தாய்களிடம்கூட, மிதக்கும் வைரஸின் அளவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் வெகுவாகக் குறைவு. பொதுவாக நூறில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். சில மாதிரிகளில் ஒன்றுமே தென்படுவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பால் மாதிரியை நேராக இயந்திரத்தில் வைத்துவிட முடியாது. முதலில் ஒரு சிறு குழாயில் ஊற்றி, மையவிலக்குக் கருவியில் வேகமாகச் சுழற்றுகிறார்கள். குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் பால் மூன்றாகப் பிரிந்திருக்கும். மேலே, வெண்ணெய் போல இறுகிய கொழுப்புப் படலம். நடுவில், நீலம் பாய்ந்தாற்போல் வெளுத்த மெல்லிய நீர். அடியில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு பொட்டு வண்டல், அதுதான் செல்கள். கொழுப்பை ஒதுக்கிவிட்டு, நடுநீரில் ஆர்.என்.ஏ.வையும் அடிவண்டலில் டி.என்.ஏ.வையும் தனித்தனியே தேடுகிறார்கள்.

தேடும் முறை பி.சி.ஆர். வைரஸின் மரபுப் பொருளில் ஒரு துண்டைப் பிடித்து, அதைத் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்கி, கண்ணுக்கு எட்டாததைக் கருவி எண்ணக்கூடிய அளவுக்குப் பெருக்குவது. இங்கே பால் ஒரு தொல்லை கொடுக்கிறது. அதிலுள்ள கொழுப்பும் சில புரதங்களும் பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடக்கூடும். வைரஸ் இருந்தும் இயந்திரம் 'இல்லை' என்று சொல்லிவிடும். ஆரம்பகாலத்தில் பால் மாதிரிகளைக் கையாண்டவர்களைத் திணறவைத்தது இதுதான். அதனால்தான் மரபுப் பொருளைச் சிலிக்காவில் ஒட்டவைத்துக் கழுவிப் பிரித்தெடுக்கும் முறைகள் பாலுக்கு விரும்பப்பட்டன. கூடவே ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு 'சாட்சிப் பொருள்' ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். சாட்சியே தென்படவில்லை என்றால் சோதனை பழுது, அந்த முடிவு செல்லாது. இந்தச் சாட்சி இல்லாமல் கொடுக்கப்படும் 'இல்லை' என்ற முடிவை நான் நம்பமாட்டேன்.

விரைவுச் சோதனைப் பட்டையில் இரண்டு சொட்டுப் பால் விட்டுப் பார்க்கலாமா?

கூடாது. அந்தப் பட்டைகள் இரத்தத்துக்கும், சில வகைகள் வாய்நீருக்கும் என்று அளவறிந்து செய்யப்பட்டவை. அவை தேடுவது பெரும்பாலும் வைரஸை அல்ல, வைரஸை எதிர்த்துத் தாயின் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. தாயின் எதிர்ப்பொருள் பாலிலும் சுரக்கிறது. எனவே கோடு விழுந்தால் தாய்க்குத் தொற்று இருப்பதைத்தான் அது சொல்லும். அது நமக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் பாலில் வைரஸ் உண்டா என்பதை அது சொல்லாது. கோடு விழாவிட்டாலும் நிம்மதி அடைய எதுவும் இல்லை.

பால் சோதனையில் 'கண்டறிய முடியவில்லை' என்று வந்தால் பால் பாதுகாப்பானதுதானே?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது.

'கண்டறிய முடியவில்லை' என்பது 'இல்லை' என்பதற்கு இன்னொரு பெயர் அல்ல. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அடித்தளம் உண்டு. ஒரு மில்லிலிட்டரில் இத்தனை வைரஸுக்குக் குறைவாக இருந்தால் அதன் கண்ணுக்குப் படாது. சோதனைக்கு எடுப்பதோ ஒரு மில்லிலிட்டர், இரண்டு மில்லிலிட்டர். குழந்தை ஒரு நாளில் குடிப்பது முக்கால் லிட்டர் அளவுக்கு. கைப்பிடி நீரை அள்ளிப் பார்த்துவிட்டுக் கிணற்றில் மீன் இல்லை என்று சொல்வது போலாகிவிடும்.

அடுத்தது, பால் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே தாயின் இடது மார்பிலும் வலது மார்பிலும் ஒரே நாளில் வைரஸ் அளவு வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வாரம் தென்படாதது அடுத்த வாரம் தென்படலாம். திங்கட்கிழமை காலையில் வலது மார்பிலிருந்து எடுத்த மாதிரி, வியாழக்கிழமை இரவில் இடது மார்பில் சுரக்கும் பாலுக்கு உத்தரவாதம் தர முடியாது.

மூன்றாவது, செல்கள். போட்ஸ்வானாவில் செய்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை (பல எச்.ஐ.வி. மருந்துகளைச் சேர்த்துத் தருவது) எடுத்த தாய்மார்களின் பாலில் மிதக்கும் வைரஸ் ஆர்.என்.ஏ. நன்றாகக் குறைந்திருந்தது, ஆனால் செல்களுக்குள் இருந்த டி.என்.ஏ. அப்படிக் குறையவில்லை. மருந்து புதிய வைரஸ் உருவாவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே செல்லுக்குள் எழுதப்பட்டுவிட்டதை அழிப்பதில்லை. ஆர்.என்.ஏ.வை மட்டும் தேடும் சோதனை இந்த ஒளிவிடத்தைத் தொடுவதே இல்லை.

அதனால்தான் மருத்துவமனைகளில் பாலைச் சோதிப்பதில்லையா?

ஆமாம். பால் சோதனை ஆராய்ச்சிக்கான கருவி. தொற்று எப்படிப் பரவுகிறது, எந்த மருந்து பாலில் என்ன செய்கிறது என்று அறிய அது பேருதவி செய்திருக்கிறது. ஆனால் ஒரு தாய் இன்று பாலூட்டலாமா என்று முடிவு செய்ய அது பயன்படாது. அந்த முடிவுக்கு உதவுவது தாயின் இரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் வைரல் லோடு சோதனை. பாலூட்டும் காலம் முழுவதும் அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். 'பாலைச் சோதித்துத் தருகிறோம், பயமில்லாமல் கொடுக்கலாம்' என்று யாராவது சான்றிதழ் கொடுக்க முன்வந்தால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் வைரல் லோடு சோதனைக்கும் தடையில்லாத மாத்திரைக்கும் செலவிடுங்கள்.

எந்தெந்த நேரங்களில் பாலில் வைரஸ் கூடுகிறது?

மார்பில் அழற்சி ஏற்படும்போது. சாதாரண நாளில் பால் சுரக்கும் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகக் கோத்து நின்று, இரத்தத்தில் உள்ளவை பாலுக்குள் கசியாமல் காவல் காக்கின்றன. அழற்சியில் அந்தக் கோப்பு தளர்கிறது. இரத்தத்திலுள்ள சோடியம் பாலுக்குள் புகுகிறது, வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன, அவற்றோடு வைரஸும் வருகிறது. சில நேரம் பால் உப்புக் கரிக்கும். குழந்தை அந்த மார்பை மட்டும் மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மார்பு சிவந்து, சூடாகி, கல் போல இறுகினால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வலியோ சிவப்போ இல்லாத மறைமுக அழற்சியும் உண்டு. பாலில் சோடியம் அளவைப் பார்த்தே ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். அத்தகைய பாலிலும் வைரஸ் கூடியிருப்பதையும் கண்டார்கள்.

பால் கட்டிக்கொள்வதும் காம்பு வெடித்து இரத்தம் கசிவதும் இதே வரிசையில் வருபவை. ஒரு பக்கம் அழற்சி இருந்தால் மறுபக்கத்தில் பாலூட்டலாம்; பாதிக்கப்பட்ட பக்கத்துப் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும், உள்ளேயே தேங்கவிடக் கூடாது. மருத்துவரிடம் அன்றே போகவேண்டும். குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வும்படி பிடித்துப் பாலூட்டக் கற்றுக்கொடுத்தாலே பாதி வெடிப்புகள் வராது. இதைப் பிரசவ அறையிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பாலைத் திடீரென்று நிறுத்துவதும் வைரஸைக் கூட்டும் என்பது பலர் எதிர்பாராத செய்தி. ஜாம்பியாவின் லுசாகா நகரில், நான்கு மாதத்தில் பாலைச் சட்டென்று நிறுத்தினால் குழந்தைகள் காப்பாற்றப்படுவார்களா என்று சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: தொற்றில்லாமல் உயிரோடு இருந்த குழந்தைகளின் கணக்கில் அதனால் எந்த லாபமும் இல்லை. நிறுத்திய பிறகு மார்பில் தேங்கிய பாலில் வைரஸ் செறிவு ஏறியிருந்ததும் பின்னால் தெரிந்தது. அழும் குழந்தைக்கு இரவில் ஒரு முறை மட்டும் என்று கொடுக்கப்படும் பால் அந்தப் பால்தான். நிறுத்துவதென்றால் மெல்ல மெல்ல, ஒரு மாத காலத்தில் நிறுத்துவதே நல்லது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மாத்திரை விட்டுப்போவது.

பாலில் வைரஸ் இருந்தும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏன் தொற்றுவதில்லை?

இது ஆய்வாளர்களையே வியக்கவைத்த விஷயம். நைரோபியில் மருந்து இல்லாத காலத்தில் பாலூட்டிய தாய்மார்களை வைத்துக் கணக்கிட்டார்கள்: குழந்தை குடிக்கும் ஒரு லிட்டர் பாலுக்குத் தொற்றும் வாய்ப்பு 0.00064. ஏறக்குறைய 1,560 லிட்டருக்கு ஒரு தொற்று. ஒரு வேளைப் பாலில் வரும் ஆபத்து மிகச் சிறியது; மாதக்கணக்கில், நாளுக்குப் பலமுறை குடிப்பதால்தான் அது சேர்ந்து சேர்ந்து பெரிதாகிறது.

பாலே குழந்தையைக் காக்கவும் செய்கிறது. தாயின் எதிர்ப்பொருள்கள், லாக்டோஃபெரின் என்ற புரதம், பாலில் மட்டுமே இவ்வளவு வகை வகையாக இருக்கும் சிக்கலான சர்க்கரைகள் எல்லாம் வைரஸுக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. 2013-ல் டெனாசின்-சி என்ற பால் புரதம் எச்.ஐ.வி.யின் மேலுறையைப் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நஞ்சும் அதற்கு மருந்தும் ஒரே கிண்ணத்தில் இருப்பது போலத்தான். ஆனால் இந்தக் காவலை மட்டும் நம்பி மருந்தைக் கைவிட்டால் தவறு. அந்தக் காவலையும் மீறித்தான் பழைய காலத்தில் அத்தனை குழந்தைகளுக்குத் தொற்றியது.

தாய்ப்பாலோடு மற்ற உணவையும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து குறையுமா?

குறையாது, அதிகமாகும். முதல் ஆறு மாதங்களில் தாய்ப்பாலோடு தண்ணீர், மாட்டுப்பால், கஞ்சி, பவுடர் பால் என்று கலந்து கொடுப்பதுதான் மிக மோசமான வழி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு 1999-ல் இதை முதலில் எடுத்துக்காட்டியது: மூன்று மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிடக் கலந்து குடித்த குழந்தைகளுக்குத் தொற்று அதிகம். பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. பிஞ்சுக் குடலின் உட்படலத்தை வேற்று உணவு புண்படுத்துவதும், அங்கே அழற்சியைத் தூண்டுவதும் காரணமாக இருக்கலாம் என்பது விளக்கம். கொடுத்தால் தாய்ப்பால் மட்டும். இல்லையென்றால் பவுடர் பால் மட்டும்.

என்றாலும், ஒரு நாள் யாரோ ஒரு சங்கு மாற்றுப் பால் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பாலையே நிறுத்திவிட வேண்டாம். தாய் சரியாக மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மீண்டும் தாய்ப்பாலுக்குத் திரும்புவதே நலம்.

ஆபத்து என்று தெரிந்த பிறகு எதற்காகத் தாய்ப்பால்? புட்டிப்பாலுக்கு மாறிவிட்டால் தீர்ந்ததே?

காகிதத்தில் தீர்ந்ததுதான். நைரோபியில் 1990-களில் தாய்மார்களை இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். தாய்ப்பால் குழுவில் 36.7 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று. பவுடர் பால் குழுவில் 20.5 சதவீதம். வித்தியாசம் பெரியது. அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது: இரண்டு வயதுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் இரு குழுவிலும் பெரிதாக வேறுபடவில்லை. ஒரு பக்கம் எச்.ஐ.வி., மறுபக்கம் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும்.

போட்ஸ்வானாவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்கு அரசே பவுடர் பாலை இலவசமாகக் கொடுத்துவந்தது. 2006 தொடக்கத்தில் கனமழை பெய்து, குடிநீர் கெட்டு, வயிற்றுப்போக்கு பரவியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். பலர் இறந்தார்கள். எச்.ஐ.வி.யிலிருந்து காப்பதற்காக நல்ல மனத்தோடு கொடுத்த டப்பா, தண்ணீர் கெட்டவுடன் கைவிட்டது.

அதனால்தான் இது இடத்துக்கு இடம் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல்படி, மருந்து எடுத்துக்கொள்ளும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, பிறகு மற்ற உணவோடு குறைந்தது 12 மாதம்வரை தொடரவேண்டும். 24 மாதமோ அதற்கு மேலோ கொடுக்கலாம். சுத்தமான நீரும் பவுடர் பாலும் தட்டின்றிக் கிடைக்கும் பணக்கார நாடுகள் நெடுங்காலம் 'வேண்டாம்' என்றே சொல்லிவந்தன. அங்கும் காற்று திரும்பியிருக்கிறது: 2023 முதல் அமெரிக்க வழிகாட்டுதல், தாயும் மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுக்கலாம் என்கிறது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அந்தத் தாயைக் குற்றவாளி போல் பார்ப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

தாய் மருந்து சாப்பிட்டால் ஆபத்து எவ்வளவு குறையும்?

மிக மிகக் குறையும். ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலுமாகச் சுமார் 2,400 தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்த 'ப்ராமிஸ்' ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. ஒரு குழுவில் தாய்க்குக் கூட்டு மருந்து. மறு குழுவில் குழந்தைக்குத் தினமும் நெவிரபின் சொட்டு மருந்து. இரண்டிலும் பாலூட்டலால் ஏற்பட்ட தொற்று ஆறு மாதத்தில் 0.3 சதவீதம், ஒரு வருடத்தில் 0.6 சதவீதம். 14-ஐயும் 0.6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடையில் இருப்பது தினம் விழுங்கப்பட்ட மருந்து.

பூஜ்யம் என்று மட்டும் சொல்ல முடியாது. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. அதே வாக்கியத்தை அப்படியே தூக்கிப் பாலூட்டலுக்கும் வைத்துவிடக் கூடாது. ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பூஜ்யம் அல்ல. மேலே சொன்ன செல்களுக்குள் ஒளிந்த வைரஸ் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அல்லது அதற்கு முன்பே மருந்தைத் தொடங்கியிருந்தால் பாதுகாப்பு அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள்தான் சறுக்கும் இடம். தூக்கமில்லாத இரவுகள், வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை, சுற்றிலும் விருந்தினர் கண்கள். தலையணை உறைக்குள்ளும் அரிசி டப்பாவுக்குள்ளும் மாத்திரையை ஒளிக்கும் தாயிடம் 'ஏன் விட்டுப்போயிற்று?' என்று அதட்டுவதில் பயனில்லை. வீட்டில் நம்பத்தக்க ஒருவரிடம் சொல்வதற்கு அவருக்குத் துணை நிற்பதுதான் உண்மையான சிகிச்சை.

அந்த மருந்துகள் பாலில் கலந்து குழந்தைக்குப் போகுமா?

போகும், மருந்துக்கு மருந்து அளவு மாறும். லாமிவுடின், எஃபாவிரென்ஸ் போன்றவை ஓரளவு போகின்றன. டெனோஃபோவிர் மிகச் சொற்பம். இதுவரை கவனித்ததில் பெரிய கேடு தெரியவில்லை, பயந்து மாத்திரையை நிறுத்தினால்தான் கேடு. குழந்தைக்குத் தனியாகத் தரும் தடுப்பு மருந்து பிறந்தவுடன் தொடங்கி வழக்கமாக ஆறு வாரம், ஆபத்து கூடுதல் என்றால் பன்னிரண்டு வாரம்.

பாலைப் பீய்ச்சிச் சூடாக்கிக் கொடுத்தால் வைரஸ் சாகுமா?

சாகும். எச்.ஐ.வி. வெப்பத்துக்கு வலுவற்றது. குளிருக்கு அஞ்சாது, ஃப்ரீசரில் வைப்பதால் பால் பாதுகாப்பாகிவிடாது.

வீட்டில் செய்யக்கூடிய முறை ஒன்று ஆய்வுகளில் தேறியிருக்கிறது. சுத்தமான கண்ணாடிக் குப்பியில் 50 முதல் 150 மில்லிலிட்டர் பாலைப் பீய்ச்சிக்கொள்ள வேண்டும். குப்பியைத் திறந்தபடியே ஒரு சிறு பாத்திரத்தில் வைத்து, பாலின் மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, நல்ல தீயில் ஏற்ற வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தவுடன் குப்பியை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட அதிகம் வேண்டாம். பால் கொதிப்பதில்லை, 70 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். வைரஸ் செயலிழக்கிறது; சத்துகளில் பெரும்பகுதி தப்புகிறது. ஆறியபின் கிண்ணத்தால் ஊட்டலாம்.

நாளெல்லாம், மாதமெல்லாம் இப்படிச் செய்வது எந்தத் தாய்க்கும் கடினம். மார்பில் அழற்சி வந்த நாட்கள், மருந்து கிடைக்காமல் போன நாட்கள், எடை குறைந்து பிறந்து உறிஞ்ச முடியாத குழந்தை என்று இடைக்காலத்துக்கு இது நல்ல வழி.

தாய்ப்பால் வங்கிப் பால் பாதுகாப்பானதா? உறவுப் பெண் பாலூட்டலாமா?

முறையான பால் வங்கி, தானம் செய்பவரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்தியே தருகிறது. அதை நம்பலாம். சோதனை செய்துகொள்ளாத ஒருவர் அன்பின் பேரில் பாலூட்டுவதை ஊக்குவிக்க முடியாது.

தொற்று எதிர்த்திசையிலும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1988-ல் அன்றைய சோவியத் நாட்டின் எலிஸ்டா நகர மருத்துவமனையில் சுத்திகரிக்கப்படாத ஊசிகளால் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. பரவியது. அந்தக் குழந்தைகளுக்குப் பாலூட்டிய தாய்மார் சிலருக்கும் பிறகு தொற்று வந்தது. காம்பின் வெடிப்பும் குழந்தையின் வாய்ப்புண்ணும் சேர்ந்து வழி திறந்துவிட்டிருக்க வேண்டும்.

கர்ப்பக் காலச் சோதனையில் நெகட்டிவ். இனிக் கவலை இல்லைதானே?

பாலூட்டும் காலம் முடியும்வரை அப்படி இருந்துவிடக் கூடாது. புதிதாகத் தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களில் உடலில் எதிர்ப்பு இன்னும் உருவாகியிருக்காது. வைரஸ் உச்சத்தில் இருக்கும், பாலிலும்தான். முன்பு சொன்ன 29 சதவீதம் இவர்களுக்குத்தான். தாய்க்கு எந்தச் சந்தேகமும் இருக்காது, மருந்தும் இருக்காது. தொற்று அதிகமுள்ள பகுதிகளிலும், கணவருக்குத் தொற்று இருக்கும்போதும் அல்லது அவரது நிலை தெரியாதபோதும், பாலூட்டும் மாதங்களில் தாய் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். கணவரும் கூடவே. நெகட்டிவ் ஆன தாய்க்குத் தடுப்பு மாத்திரையும் இருக்கிறது, பாலூட்டும்போதும் எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு எப்போது, எந்தச் சோதனை?

தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பதினெட்டு மாதம்வரை அதன் இரத்தத்தில் தங்கக்கூடும். எனவே அதற்கு முன் சாதாரண எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ் என்று காட்டினால் மனம் உடைய வேண்டாம், அது தாயுடையதாக இருக்கலாம். வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் வேண்டும். குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு காகித அட்டையில் வரைந்த வட்டங்களில் சில இரத்தத் துளிகளை நிரப்பி, உலரவைத்து அனுப்புவார்கள். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில் முதல் சோதனை. சில இடங்களில் பிறந்தவுடனேயும் உண்டு. பிறகு ஒன்பது மாத வாக்கில் மீண்டும்.

ஆறாவது வாரத்தில் நெகட்டிவ் வந்த மகிழ்ச்சியில் பலர் திரும்பி வருவதில்லை. குழந்தை இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தால் அந்த முடிவு அந்த நாள்வரைக்கும்தான் செல்லும். கடைசி முடிவு பதினெட்டு மாதத்தில், அல்லது பாலை முழுதாக நிறுத்தி மூன்று மாதம் கழித்து. இரண்டில் எது பின்னால் வருகிறதோ அப்போது.

முடிவு பாசிட்டிவ் என்றால் அன்றே மருந்து தொடங்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 2008-ல் வெளியான ஆய்வில், நோய் முற்றும்வரை காத்திராமல் பிறந்த முதல் மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளிடம் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. பாசிட்டிவ் என்று உறுதியான குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம்; அந்தக் குழந்தைக்கு அது இப்போது இன்னும் அதிகமாகத் தேவை.